உப்புமாவுக்குச் சொந்தம், சீட்டுக்கு அந்நியம்

2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாள். திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளிக்கு அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் போனார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைத்துவந்த காலை உணவை, கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தொடங்கி வைத்தார். கணக்கு 3,995 பள்ளிகள், 2.23 லட்சம் பிள்ளைகள். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 26-ம் தேதி மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் அதே விழா. இந்த முறை நகரத்துப் பள்ளிகள். 2,429 பள்ளிகள், 3 லட்சத்துச் சொச்சம் பிள்ளைகள்.

நல்ல காரியம். மனசாரக் கைதட்டலாம். பசிக்கு அரசுப் பள்ளி, சாமியார் பள்ளி என்ற பேதம் தெரியாது என்பதை அரசாங்கம் ஒருவழியாகப் புரிந்துகொண்டது.

ஆனால் ஒரு சந்தேகம். காலையில் உப்புமா போடும்போது 'இதுவும் நம்ம வீட்டுப் பிள்ளைதான்' என்று அணைத்துக்கொள்ளும் அரசாங்கம், அதே பிள்ளை வளர்ந்து, பிளஸ் டூ முடித்து, மெடிக்கல் சீட்டுக்கு வந்து நிற்கும்போது மட்டும் 'நீ யாருப்பா?' என்று கேட்கிறதே, அது என்ன நியாயம்?

விஷயம் 7.5 சதவீதம் பற்றியது.

*

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை எதிர்க்கிற கோஷ்டியில் நான் இல்லை. 'நீட்' வந்த பிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போன பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலைமை. லட்சக்கணக்கில் கொட்டிக் கோச்சிங் போகிறவனையும், கோச்சிங் என்றால் என்னவென்றே தெரியாதவனையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசிலடித்தால் யார் ஜெயிப்பான் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

அப்போதைய எடப்பாடி பழனிசாமி அரசு நீதியரசர் கலையரசன் தலைமையில் ஒரு ஆணையம் போட்டது. 2020-ல் சட்டம் வந்தது. ஆளுநர் கையெழுத்துப் போடத் தாமதித்தார். அரசு பொறுத்துப் பார்த்து அரசாணையே போட்டது. அதற்கப்புறம் கையெழுத்து வந்தது. முதல் வருஷமே 400-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இடம் கிடைத்தது. கூலிக்காரர் வீட்டுப் பெண்ணும் கல்லுடைக்கிறவர் வீட்டுப் பையனும் ஸ்டெதஸ்கோப் மாட்டினார்கள். 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே 7.5 நீட்டிக்கப்பட்டது. கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டின் சமூகநீதிக் கணக்கில் இது பெருமையான பக்கம்.

அந்தப் பக்கத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அதைத்தான் கேட்கிறேன்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் இதில் அடக்கம். அரசு உதவி பெறும் பள்ளி மட்டும் கிடையாது.

அரசு உதவி பெறும் பள்ளி என்றால் என்ன? கட்டடம் திருச்சபையோடது, அல்லது ஏதாவது ஒரு அறக்கட்டளையோடது. வாத்தியார் சம்பளம் அரசாங்கத்தோடது. பாடப்புத்தகம் அரசாங்கத்தோடது. மதியச் சோறு அரசாங்கத்தோடது. பஸ் பாஸ் அரசாங்கத்தோடது. பிளஸ் ஒன் வந்தால் சைக்கிள் அரசாங்கம் கொடுத்தது. 2011-ல் லேப்டாப் திட்டம் வந்தபோது அதிலும் இவர்களைச் சேர்த்தார்கள். 2024 ஆகஸ்டில் 'தமிழ்ப் புதல்வன்' என்று கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவனையும் சேர்த்தார்கள். அதே வருஷக் கடைசியில் 'புதுமைப் பெண்' திட்டத்திலும் அப்படியே.

ஆக, சாப்பாட்டுக்கு இவன் அரசுப் பிள்ளை. சைக்கிளுக்கு அரசுப் பிள்ளை. ஆயிரம் ரூபாய்க்கு அரசுப் பிள்ளை. சீட்டு என்று வாயைத் திறந்தால், 'உங்க ஸ்கூல் போர்டுல என்ன எழுதியிருக்கு? புனித வளனாரா? போய்ட்டு வா!'

*

இது கோட்டையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. சேத்தியாத்தோப்பு மாதிரி ஒரு ஊரில் நின்று பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற சாலையும், சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் போகிற சாலையும் வெட்டிக்கொள்கிற ஊர். ஒரு பக்கம் வெள்ளாற்று அணைக்கட்டு. இன்னொரு பக்கம் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை. சுற்றிலும் கரும்பும் நெல்லும். காலையில் பார்த்தால் டை கட்டிய பிள்ளைகளை அள்ளிக்கொண்டு மஞ்சள் வேன்கள் ஒரு திசையில் பறக்கும். இலவச பாஸ் வைத்திருக்கிற பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு இன்னொரு திசையில் போகும்.

ஒரு கணக்குக்காக இரண்டு பையன்களை வைத்துக்கொள்வோம். ஒரே தெரு. இரண்டு பேருடைய அப்பாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். இரண்டு வீட்டிலும் அம்மா நூறு நாள் வேலைக்குப் போனவர். முதல் பையன் பக்கத்திலிருக்கும் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். இரண்டாவது பையனை அவன் மாமா கூட்டிக்கொண்டு போய், டவுனில் சாமியார் நடத்துகிற ஆண்கள் பள்ளியில், தமிழ் வழியில் சேர்த்துவிட்டார். ஃபீஸ் இல்லை. ஹாஸ்டலில் இடமும் கிடைத்தது. 'அங்கே அடிச்சாவது படிக்க வச்சுருவாங்க' என்கிற ஒரே நம்பிக்கைதான் காரணம். பணம் இருந்து சேர்க்கவில்லை. பணம் இல்லாததால்தான் அங்கே சேர்த்தார்கள்.

ஏழு வருஷம் கழித்து இரண்டு பேரும் நீட்டில் ஒரே மார்க் வாங்குகிறார்கள். முதல் பையனுக்கு 7.5-ல் சீட்டு. இரண்டாவது பையனுக்குக் கிடையாது. அவன் மோத வேண்டியது யாரோடு? இரண்டு வருஷம் வீட்டிலேயே உட்கார்ந்து ரிப்பீட்டர் கோச்சிங் எடுத்த சென்னைப் பையனோடு.

இது மட்டுமல்ல. இந்த ஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு கிடையாது. தாசில்தார் வீட்டுப் பிள்ளை ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் அவருக்கும் உண்டு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தாசில்தார் தன் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்த்தால் பள்ளி உருப்படும். இன்னொரு விலக்கும் சட்டத்தில் இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளியில் எட்டாவது வரை இலவசமாகப் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தால் அந்தப் பிள்ளைக்கும் 7.5 உண்டு. அதாவது, தனியார் மெட்ரிக் பள்ளியில் மூன்று வருஷம் இருந்தாலும் பரவாயில்லை. அரசாங்கமே சம்பளம் கொடுக்கிற பள்ளியில் இருந்தால் ஆகாது!

எந்தத் தராசில் நிறுத்தார்கள் இதை?

*

'பாய்ஸ் ஸ்கூல்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற இந்தப் பள்ளிகளின் கதை பெரிசு. நாகப்பட்டினத்தில் 1844-ல் இயேசு சபைக் குருக்கள் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு மாற்றிய செயின்ட் ஜோசப்ஸ், பாளையங்கோட்டை சேவியர்ஸ், கடலூர் புனித வளனார் என்று ஊர் ஊராக ஒன்று நிற்கும். இவற்றின் வேலை ஒன்றே ஒன்று. பையனைக் கல்லூரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவது. அதற்கென்று விடிகாலை ஸ்டடி, சாயங்கால ஸ்டடி, மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம் என்று ஒரு ராணுவ ஒழுங்கு வைத்திருந்தார்கள்.

தொடக்கத்தில் இவர்கள் ஏழைக்காகக் கதவைத் திறந்தார்கள் என்று கதைவிட வேண்டாம். மேல்சாதிப் பிள்ளைகளைப் பிடித்துவிட்டால் ஊரே பின்னால் வந்துவிடும் என்று நம்பிய காலமும் உண்டு. மதம் மாறிய பிராமணக் குடும்பங்களுக்கென்றே திருச்சியில் செயின்ட் மேரீஸ் தோப்பு என்று தனிக் குடியிருப்பு உண்டானது சரித்திரம். ஆனாலும் கதவு என்று ஒன்று திறந்திருந்தால் யாராவது நுழைந்துவிடுவார்கள். படகோட்டி மகன் ஒருவர் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1950-ல் திருச்சி செயின்ட் ஜோசப்ஸில் இன்டர்மீடியட் சேர்ந்து, அங்கேயே இயற்பியல் முடித்து, அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனார். அவர் படம் மாட்டாத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இல்லை.

அப்துல் கலாம் படித்த ஷ்வார்ட்ஸ், மிஷன் பள்ளி. அரசுப் பள்ளி அல்ல. இன்றைய சட்டப்படி பொறியியல் கவுன்சலிங்குக்கு அவர் வந்து நின்றால் 7.5-ல் அவருக்கு இடம் கிடையாது. சுவரில் படம் மாட்டலாம், பிறந்த நாளுக்குக் கட்டுரைப் போட்டி வைக்கலாம். சீட்டு மட்டும் கேட்கக் கூடாது.

1978-ல் பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்தது. அதுவரை கல்லூரி செய்துகொண்டிருந்த 'தயார் செய்கிற' வேலை பள்ளிக்கூடத்தின் தலைக்கு வந்தது. அன்றிலிருந்து பிளஸ் டூ என்பது படிப்பு அல்ல, கணவாய். அதைக் கடக்காதவன் இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டியதுதான். பையன்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். வருஷா வருஷம் ரிசல்ட் வரும்போது 'வழக்கம்போல மாணவிகளே அதிகம்' என்று பத்திரிகையில் சந்தோஷமாகப் போடுகிறோம். சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பையன்கள் எங்கே போனார்கள் என்று யாரும் தேடுவதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னை ஹோட்டல், பெயின்ட் அடிக்கிற கோஷ்டி என்று பதினேழு வயதிலேயே கரைந்துவிடுகிறார்கள். அவர்களைப் பிடித்து உட்கார வைக்கிற ஒரு இடத்தைத்தான் 'நீ கணக்கில் வர மாட்டாய்' என்கிறது சட்டம்.

*

இப்போது எதிர்வாதத்துக்கு வருவோம். மூன்று வாதம் வைக்கிறார்கள்.

முதல் வாதம்: 'சார், உதவி பெறும் பள்ளின்னா சும்மாவா? சென்னையில எத்தனை பெரிய ஸ்கூல் இருக்கு. பணக்காரன் பிள்ளையெல்லாம் வந்து அள்ளிக்கிட்டுப் போயிடுவான்.'

நியாயமான பயம். ஆனால் அதற்கு மருந்தை அரசாங்கமே கண்டுபிடித்துவிட்டது. தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கு என்ன அளவுகோல் வைத்தார்கள்? உதவி பெறும் பள்ளி, அதிலும் தமிழ் வழி. லட்சம் கொட்டுகிற அப்பா தன் பிள்ளையைத் தமிழ் வழியில் சேர்க்க மாட்டார் என்பது ஊரறிந்த உண்மை. வேதனையான உண்மைதான், ஆனாலும் இந்த இடத்தில் உதவுகிறது. அதே சல்லடையை இதற்கும் போடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை, உதவி பெறும் பிரிவில், தமிழ் வழியில், கல்விக் கட்டணம் கட்டாமல் படித்தவன். போதாதா? வருமானச் சான்றிதழும் சேர்த்துக் கேளுங்கள். ஆயிரம் ரூபாய்க்குச் செல்லுபடியாகும் அளவுகோல் சீட்டுக்கு ஏன் செல்லாது?

இரண்டாவது வாதம்: 'அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கே இப்பத்தான் ஏதோ கிடைக்குது. அதுலயும் பங்கு கேட்டா எப்படி?'

இதுதான் கனமான வாதம். ஏழையின் தட்டிலிருந்து எடுத்து இன்னொரு ஏழைக்குப் போடுவது சமூகநீதி ஆகாது. ஆனால் தட்டிலிருந்து எடுக்கவே வேண்டாம். நீதியரசர் கலையரசன் ஆணையம் பரிந்துரை செய்தது எவ்வளவு தெரியுமா? 10 சதவீதம். அரசு கொடுத்தது 7.5. மீதி 2.5 எங்கே? கிடப்பில் கிடக்கிறது. அந்த இரண்டரையை உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவர்களுக்குத் தனியாக ஒதுக்குங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளையின் 7.5-ல் ஒரு பருக்கைகூடக் குறையாது.

மூன்றாவது வாதத்தை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. காதோடு சொல்வார்கள்: 'அதெல்லாம் கிறிஸ்டியன் ஸ்கூல் சார். அவங்களுக்கு என்ன குறை?'

பள்ளிக்கூடம் கிறிஸ்தவர்களுடையது. பிள்ளைகள் யார்? 2021-ல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட ஆய்வு, நாடு முழுக்கக் கிறிஸ்தவச் சிறுபான்மைப் பள்ளிகளில் படிப்பவர்களில் 74 சதவீதம் பேர் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என்றது. அந்த ஆணையம் அந்தக் கணக்கைச் சிறுபான்மைப் பள்ளிகளைக் குறை சொல்லத்தான் எடுத்தது. நான் வேறு காரியத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். 'சாமியார் ஸ்கூல்' என்று ஒதுக்கும்போது நாம் யாரை ஒதுக்குகிறோம் என்று பாருங்கள். மாரியம்மன் கோயில் கூழுக்கு வரிசையில் நிற்கிற வீட்டுப் பிள்ளையைத்தான்.

மிச்சமிருக்கும் கிறிஸ்தவப் பிள்ளையின் கதை இன்னும் கொடுமை. புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்தில் கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். 1950-ம் வருஷக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவன் மட்டும் வெளியே. தமிழ்நாட்டில் அவனைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பியது. தீர்மானம் போடுவது எப்போதுமே சுலபம்.

ஆக, ஒரு தலித் கிறிஸ்தவப் பையன். எஸ்.சி. இட ஒதுக்கீட்டுக்குப் போனால் 'நீ கிறிஸ்டியன்' என்கிறார்கள். 7.5-க்குப் போனால் 'நீ ஆர்.சி. ஸ்கூல்' என்கிறார்கள். சரி, நம்ம சாமியாரிடமாவது போவோம் என்று பக்கத்து காம்பவுண்டில் இருக்கும் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போனால், 'ஃபீஸ் எவ்வளவு தெரியுமில்ல?' என்கிறார்கள். மூன்று கேட். மூன்றிலும் வாட்ச்மேன்.

*

இந்த மூன்றாவது கேட்டைப் பற்றிப் பேசாமல் அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது பாதி நியாயம்.

தமிழ்நாட்டின் எந்த நடுத்தர ஊருக்கும் போய்ப் பாருங்கள். ஒரே காம்பவுண்டு. ஒரே புனிதர். இரண்டு கேட். பழைய கேட்டுக்குள் உதவி பெறும் பள்ளி. கட்டடத்துக்கு வெள்ளையடித்து எத்தனை வருஷம் என்று சொல்வது கஷ்டம். புது கேட்டுக்குள் மெட்ரிக் அல்லது சி.பி.எஸ்.இ. டைல்ஸ், ஏ.சி. ஆபீஸ், ஸ்மார்ட் போர்டு. 1991-க்குப் பிறகு தொடங்கிய பள்ளிகளுக்கு அரசு மானியம் கொடுப்பதில்லை, அதனால் சுயநிதி என்பார்கள். அது சரி. மானியம் இல்லாத பள்ளிக்கு ஃபீஸ் வாங்கித்தானே ஆக வேண்டும் என்பார்கள். அதுவும் சரி. ஆனால் சபையின் கெட்டிக்காரக் குரு, புது லேப், புது பஸ், புது விளையாட்டு மைதானம் எல்லாம் ஏன் ஒரே கேட்டுப் பக்கமாகவே போகிறது? ஏழைகளுக்கு நற்செய்தி என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். திங்கட்கிழமை அட்மிஷன்.

பழைய கேட்டுக்குள்ளும் எல்லாம் சுத்தம் இல்லை. ஒன்பதாவதில் சுமாராகப் படிக்கிற பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, 'டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க, வேற ஸ்கூல்ல பார்த்துக்குங்க' என்பது பல ஊரில் பழகிப்போன வழக்கம். பத்தாவதில் 'நூற்றுக்கு நூறு தேர்ச்சி' என்று ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டுமே! அந்த ஃப்ளெக்ஸில் இருக்கிற முகங்களை எல்லோரும் பார்க்கிறார்கள். அதில் இல்லாத முகங்கள்தான் அந்த நூறு சதவீதத்துக்கு விலை கொடுத்தவை. அப்படி வெளியேற்றப்பட்டவனை மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொள்வது அரசுப் பள்ளி. 'உங்களுக்கு எதுக்குய்யா 7.5?' என்று அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டால், எந்தத் தாளாளராலும் நிமிர்ந்து பதில் சொல்ல முடியாது.

அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு, சிறுபான்மையினருக்குத் தங்கள் விருப்பப்படி பள்ளி நடத்தும் உரிமை கொடுத்திருக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்திலிருந்து ஒரு பாதிரியாரே உட்கார்ந்திருந்தார். இயேசு சபையைச் சேர்ந்த ஜெரோம் டிசூசா. எண்ணிக்கையில் சிறியவனைப் பெரியவன் விழுங்கிவிடக் கூடாது என்பதற்கான வேலி அது. வேலி தேவை. இன்றைக்கு நாட்டில் அடிக்கிற காற்றுக்கு இன்னும் தேவை. ஆனால் வேலிக்கு உள்ளே என்ன பயிர் வளர்க்கிறீர்கள் என்று கேட்க, சம்பளம் கொடுக்கிற பொதுஜனத்துக்கு உரிமை உண்டு.

2014-ல் உச்ச நீதிமன்றம் 'பிரமதி' வழக்கில், கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. உதவி பெறும் பள்ளிக்கும் சேர்த்தேதான். சபைகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன. 2025 செப்டம்பர் 1-ம் தேதி அதே நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், அந்தத் தீர்ப்பே சரிதானா என்று சந்தேகம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு நீதிமன்றம் கதவைத் தட்டித் திறக்கச் சொல்வதைவிட, இன்றைக்கே தானாகத் திறப்பது மரியாதை.

சாதியையும் விடக் கூடாது. 2008 மார்ச்சில் எறையூரில் என்ன நடந்தது என்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மறந்திருக்காது. இதே உயர்மறைமாவட்டத்து ஊர். ஒரே மாதா கோயிலில் சாதிக்கொரு மரியாதை. தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர். கோயிலில் பிரித்து உட்கார வைத்த மனசு, பள்ளிக்கூட அட்மிஷனில் மட்டும் பிரிக்காமல் இருக்குமா என்று தலித் பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பிரசங்கம் அல்ல, பட்டியல். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், அதில் தலித் பிள்ளைகள் எத்தனை, ஆசிரியர்களில் எத்தனை என்று வருஷா வருஷம் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். மறைக்க ஒன்றுமில்லை என்றால் ஒட்டுவதற்கு என்ன கஷ்டம்?

*

ஆகவே, கோட்டையில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு ஒரு கோரிக்கை. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் 7.5 சதவீதச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தபோது, உதவி பெறும் பள்ளி மாணவர்களைச் சேர்க்கும்படி வந்த கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் ஐந்தாண்டுக்குள் இந்த ஒதுக்கீட்டை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அந்தக் கெடு 2027 ஏப்ரல். மறுபரிசீலனை என்றால் பழைய ஃபைலைத் தூசி தட்டி, பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில் புதுக் கையெழுத்துப் போடுவது அல்ல. எத்தனை உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் நீட் எழுதினார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, அவர்களின் அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுங்கள். தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் எட்டாயிரம் பள்ளிகள் இருக்கின்றன. சம்பளப் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. மாணவர் பட்டியலும் உங்களிடம்தான் இருக்கிறது. கணக்கு வந்ததும் அந்த இரண்டரையை எடுத்துக் கொடுங்கள்.

திருச்சபைக்கு மூன்று கோரிக்கைகள். பழைய கேட்டுக்கு வெள்ளையடியுங்கள், பிறகு புது கேட்டுக்கு டைல்ஸ் போடலாம். ஒன்பதாவதில் டி.சி. கொடுத்து அனுப்புவதை இந்த வருஷத்தோடு நிறுத்துங்கள். சேர்க்கைப் பட்டியலை ஊர் பார்க்க ஒட்டுங்கள். இந்த மூன்றையும் செய்துவிட்டு அந்த இரண்டரை சதவீதத்தைக் கேளுங்கள். உங்களோடு சேர்ந்து கேட்க நாங்களும் வருகிறோம்.

'அதெல்லாம் நடக்கிற காரியமா சார்?' என்பீர்கள். சேத்தியாத்தோப்புக்குக் கூப்பிடு தூரத்தில் வடலூர் இருக்கிறது. 1867-ல் வள்ளலார் அங்கே தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார். யார், எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் சோறு போடுகிற அடுப்பு. இன்றைக்கும் அணையவில்லை. பசிக்கு அடையாளச் சான்றிதழ் கேட்கக் கூடாது என்பதை இந்த மண் ஒன்றரை நூற்றாண்டாகத் தெரிந்து வைத்திருக்கிறது. அரசாங்கமும் 2024-ல் கீழச்சேரியில் அதைக் கற்றுக்கொண்டது.

குழுமூர் இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம், அரியலூர் மாவட்டம். மூட்டை தூக்குகிறவரின் மகள் அனிதா பிளஸ் டூவில் 1,176 மார்க் வாங்கினார். நீட் அவரை உள்ளே விடவில்லை. 2017 செப்டம்பர் 1-ம் தேதி அவர் போய்ச் சேர்ந்தார். அவர் பெயரைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் நீட்டைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. அந்தப் பெண் பிளஸ் டூ படித்தது அரசுப் பள்ளியில் அல்ல. இன்றைக்கு உயிரோடு இருந்து, இந்த வருஷம் கவுன்சலிங்குக்கு வந்திருந்தால் 7.5 சதவீத வரிசையில் அவரை நிற்க விட்டிருக்க மாட்டார்கள்.

ஏழ்மையைப் பள்ளிக்கூடத்து போர்டைப் பார்த்து அளக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?